மாறாத வருத்தமும் மாதாந்த ஊசியும்

எங்கள் பக்கத்தில் நோய்க்கு ‘வருத்தம்’ என்று பெயர். நோய் குணமாவதை ‘மாறுதல்’ என்போம். ‘காய்ச்சல் மாறிவிட்டதா?’ என்று கேட்பதுதான் வழக்கம். வருத்தம் என்று ஒன்று வந்தால் அது ஒன்றில் மாற வேண்டும், அல்லது ஆளைக் கொண்டுபோக வேண்டும். இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் நீண்டதொரு வாழ்வு உண்டு என்பதை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எமது மக்களுக்கு ஓரளவு கற்றுக் கொடுத்துவிட்டன. ஆனால், புற்றுநோய் என்று வந்துவிட்டால் அந்தப் பாடம் மறந்துபோகிறது. ‘முற்றிவிட்டதாம்’, ‘டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்களாம்’, ‘வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம்’ என்ற மூன்று வசனங்களோடு ஒரு மனிதரின் கதையை ஊர் முடித்துவிடுகிறது.

குணப்படுத்த முடியாது என்பதும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. இது வைத்திய நூல்களில் உள்ள செய்திதான். இருந்தும், முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வந்த எனக்கு அதன் பொருளைக் கண்முன்னே காட்டியவர் என் பெரியம்மாவின் மகளான அக்கா. அவருக்கு மாதந்தோறும் ஏற்றப்பட்ட ஊசி மருந்தின் பெயர் புல்வெஸ்ட்ரன்ட். அந்த மருந்தைப் பற்றியும், அது வன்னிக்குள் வந்து சேரும் வழியைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வைத்தியன் அல்லன். ஒரு நோயாளியின் உறவினன் என்ற வகையிலும், கேட்டறிந்து எழுதும் தொழிலைச் செய்தவன் என்ற வகையிலும் எழுதுகிறேன்.

அக்கா விசுவமடுப் பக்கத்தைச் சேர்ந்தவர். வயலும் சிறு தோட்டமும் உள்ள குடும்பம். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்கால் வழியாக வெளியேறி, மனிக்பாம் முகாமில் இருந்து, பின்னர் ஊருக்குத் திரும்பியவர்கள். மார்பில் கட்டி இருப்பதை அவர் வெளியில் சொன்னது ஊர் திரும்பிய பிறகுதான். எப்போதிருந்து இருக்கிறது என்று நான் விசாரித்தபோது அவர் சொன்ன பதில் இன்றும் நினைவில் நிற்கிறது.

“முகாமிலையே கையில தட்டுப்பட்டது தம்பி. அப்ப அது சொல்லுற நேரமே?”

இந்தப் பதிலுக்கு மறுமொழி சொல்ல எவராலும் முடியாது. பிள்ளைகளில் ஒருவர் எங்கே என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நோவே இல்லாத ஒரு சிறு கட்டியைப் பற்றி எந்தத் தாய் பேசுவாள்? மார்பகப் புற்றுநோயின் தொடக்கக் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நோவு இல்லை என்பதே அதைத் தள்ளிப்போடக் காரணமாகிவிடுகிறது.

2012 இல் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் கீமோ எனப்படும் இரசாயன சிகிச்சை. அதன்பின் ஐந்து வருடங்கள் டமொக்சிபென் மாத்திரை. ‘மாறிவிட்டது’ என்று ஊரே சொன்னது. 2019 இல் இடுப்பு நோவு என்று போனபோதுதான் நோய் எலும்புக்குப் பரவியிருப்பது தெரியவந்தது. பிறகு லெட்ரோசோல் மாத்திரை. இரண்டு வருடங்கள் அது தாங்கியது. 2021 இன் இறுதியில் நோவு மீண்டும் கூடியது. வைத்திய நிபுணர் மாத்திரையை நிறுத்தி, புல்வெஸ்ட்ரன்ட் ஊசியை எழுதினார்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஈஸ்ட்ரோஜன் எனப்படும் பெண் ஹோர்மோனின் துணையோடு வளர்பவை. அந்தக் கலங்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்துவதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஹோர்மோனைத் திறப்பு என்றும், ஏற்பியைப் பூட்டு என்றும் வைத்துக்கொண்டால் விளக்கம் இலகுவாகும். திறப்பு பூட்டில் நுழைந்து திரும்பினால் கலம் பெருகுகிறது.

இதை ஏற்பி என்ற சொல்லே பிறக்காத காலத்தில் ஊகித்தவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் பீட்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டிகள் சுருங்கியதை 1896 இல் அவர் ‘லான்செட்’ சஞ்சிகையில் எழுதினார். ஹோர்மோன் சிகிச்சை என்ற துறையின் தொடக்கமே, ‘முற்றிவிட்டது’ என்று சொல்லப்பட்ட பெண்களிடமிருந்துதான் வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

சூலகங்களை அகற்றுவது திறப்புச் செய்யும் பட்டறையையே மூடுவது போன்றது. அடுத்து வந்தது டமொக்சிபென். பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுகூடத்தில் 1962 இல் டோரா றிச்சட்சன் என்ற பெண் இரசாயனவியலாளர் தயாரித்த பொருள் அது. 1973 இல் பிரித்தானியாவில் மார்பகப் புற்றுநோய்ப் பாவனைக்கு வந்தது. பூட்டின் துவாரத்தில் வேறொன்றைச் செருகி, திறப்பு நுழையாதவாறு தடுப்பது அதன் வேலை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள், மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைப்பவை. அதாவது, திறப்புகளின் தொகையைக் குறைப்பவை. புல்வெஸ்ட்ரன்ட் இவை எல்லாவற்றிலும் ஒரு படி கடுமையானது. அது பூட்டைப் பற்றிக்கொண்டு, கலம் தானே அந்தப் பூட்டை அழித்துவிடும்படி செய்கிறது.

இந்த மருந்தும் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்விலிருந்து வந்ததுதான். 2002 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. முதலில் மாதம் 250 மில்லிகிராம் என்ற அளவில்தான் கொடுத்தார்கள். அந்த அளவு போதாது என்ற ஐயம் எழ, 736 பெண்களை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. 500 மில்லிகிராம் பெற்றவர்கள் கூடுதலான காலம் நோய் பெருகாமல் இருந்தார்கள். 2010 இல் அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. அந்த ஆய்வின் இறுதிக் கணக்கில், 250 மில்லிகிராம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 22.3 மாதங்கள், 500 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 26.4 மாதங்கள்.

நான்கு மாதங்கள்தானே என்று சிலர் கேட்கக்கூடும். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குள் முடிந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று அர்த்தம். ஒருவருக்கு விதிக்கப்பட்ட தவணை அன்று. அது ஒருபுறமிருக்க, வன்னியில் நான்கு மாதங்கள் என்பது ஒரு போகம். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தையில், மாசியில் வெட்டும் காலபோகம் அவ்வளவுதான். இரணைமடுத் தண்ணீரை நம்பி விதைப்பவர்களிடம் ஒரு போகத்தைச் சிறிது என்று சொல்லிப் பாருங்கள். அக்காவுக்கு இந்த ஊசியால் கிடைத்தது இரண்டரை வருடங்கள்.

ஊசி போடும் முறையும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. முதல் நாள் ஒரு தடவை, 15 ஆம் நாள் இன்னொரு தடவை, 29 ஆம் நாள் மற்றொரு தடவை. அதன் பின்னர் மாதம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசிகள். 250 மில்லிகிராம் வீதம், இரு பிட்டங்களிலும் தசைக்குள் ஏற்றப்பட வேண்டும். ஒவ்வொன்றும் 5 மில்லிலீற்றர். மருந்து கரைக்கப்பட்டிருப்பது பிரதானமாக ஆமணக்கெண்ணெயில். சிறுவயதில் பேதிக்குக் குடிக்கத் தந்து எங்களை ஓட ஓட விரட்டிய அதே ஆமணக்கெண்ணெய்தான். இதைச் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “அம்மா வாயால பருக்கினா. இவை பின்னால ஏத்தினம்” என்றார்.

எண்ணெய் என்பதால் மருந்து தடித்தது. குளிரிலிருந்து எடுத்தவுடன் ஏற்றினால் இன்னும் தடித்திருக்கும். அறை வெப்பத்துக்கு வந்த பின் ஏற்றுவதே இலகு. ஓர் ஊசிக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் எடுத்து, மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் நோவு அதிகம். பிட்டத்தின் உள்ளே காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுவதால், இடம் தவறினால் கால்வரை மின்னல்போல வலி பாயும். சன நெரிசலான ஒரு நாளில், ஒரு வைத்தியசாலையில், இரண்டு ஊசிகளையும் மளமளவென்று ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அக்கா நான்கு நாட்கள் காலை இழுத்து நடந்தார். அடுத்த மாதம் வேறொரு மிஸி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, கதை கேட்டுக்கொண்டு, ஆறுதலாக ஏற்றினார். நோவு பாதியாகக் குறைந்தது. மருந்து ஒன்று, அளவு ஒன்று. ஏற்றிய வேகத்தில் மட்டுமே வேறுபாடு. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும், ஈரலில் பழுது உள்ளவர்களும் அதை ஊசிக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

கீமோவைப் போல இது முடியைக் கொட்டச் செய்வதில்லை. ஆனால் உடம்பு திடீரெனக் கொதிப்பெடுத்து வியர்க்கும், மூட்டுகள் நோகும், களைப்பு இருக்கும். அக்காவுக்கு இவை மூன்றும் இருந்தன. இருந்தாலும் இரண்டாவது மாதத்திலிருந்தே இடுப்பு நோவு தணியத் தொடங்கியது. கோடிக்குள் கோழிகளுக்குத் தீன் போடவும், அடுப்படியில் இருந்து மீன் வெட்டவும், கோயிலுக்கு நடந்து போகவும் அவரால் முடிந்தது.

மருந்தைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. இனி அது வந்த வழி. புல்வெஸ்ட்ரன்ட் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்கப்பட வேண்டிய மருந்து. அக்காவுக்கு உரியதைக் கொழும்பில் ஒரு மருந்தகத்தில் வாங்கினோம். பணம் அவரது மகன் கனடாவிலிருந்து அனுப்பியது. ஐஸ் பொதிகளுக்கு நடுவில் ஊசிப்பெட்டியை வைத்து, ரெஜிபோம் பெட்டியில் அடைத்து, யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிடுவோம். விடியற்புறம் பரந்தன் சந்தியில் மருமகன் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பார். அங்கிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே வந்து, ஊருக்கு அண்மையில் உள்ள ஒரு வைத்தியசாலையில் நிபுணரின் கடிதத்தைக் காட்டி ஒப்படைக்க வேண்டும். அவர்கள் தமது குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, உரிய நாளில் ஏற்றுவார்கள்.

ஒரு தடவை வழியில் பஸ் பழுதாகிப் பல மணி நேரம் நின்றுவிட்டது. பெட்டி கைக்கு வந்தபோது ஐஸ் முழுவதும் தண்ணீராகி, அதுவும் சூடேறியிருந்தது. மருந்தாளரோடு தொலைபேசியில் பேசினோம். அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில் அதை ஏற்ற வேண்டாம் என்றார். மகன் இன்னொரு முறை பணம் அனுப்பினார். அந்த மாத ஊசி பிந்தியது.

பின்னர் 2022 இன் நெருக்கடி முற்றியது. பங்குனி இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சித்திரை 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அரச வைத்தியசாலைகள் மருந்தில்லாமல் திண்டாடின. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அந்தக் காலத்தில் அக்காவின் நாட்காட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊசித் திகதிக்குச் சிவப்பு வட்டம், அதற்கு ஒரு வாரம் முன்னால் ‘பெற்றோல்’ என்று ஒரு குறிப்பு. மருமகன் போத்தலில் சேமித்த பெற்றோலைத் தன் வேலைக்குக் கூடத் தொடமாட்டார். யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை முறை வந்த பிறகுதான் நிலைமை சற்றுச் சீரானது.

மருந்துத் தட்டுப்பாடு வன்னிக்குப் புதிதன்று. யுத்த காலத்தில் மருந்துகளுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. 2006 ஆவணியில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009 இன் முதல் மாதங்களில் கிளிநொச்சி வைத்தியசாலையே தருமபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன் என்று மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தது. காயப்பட்டவர்களுக்கே மருந்தில்லாத இடத்தில் புற்றுநோயாளரைப் பற்றி எவர் கணக்கெடுத்திருப்பர்? அந்த மாதங்களில் சிகிச்சை அறுந்துபோன பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. இதனை ஒரு செய்தியாளனாகப் பதிவு செய்ய வேண்டிய கடமை எனக்கு உண்டு.

யுத்தம் முடிந்த பின் சில நல்ல காரியங்களும் நடந்தன. வடக்கின் நோயாளர்கள் மகரகமைக்கு அலைந்த துன்பத்தைக் குறைக்க, 2011 இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்று பெயரிடப்பட்ட அந்த நடைபயணத்தில் திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013 இல் திறக்கப்பட்டது. தெற்கின் சிங்களக் கிராமங்களில் வீதியோரம் நின்றவர்கள் உண்டியலில் போட்ட சில்லறையும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. அக்காவின் கிளினிக்கும் அங்கேதான். விசுவமடுவிலிருந்து பரந்தன், ஆனையிறவு, யாழ்ப்பாணம் வழியாகத் தெல்லிப்பழை போய்த் திரும்ப ஒரு பகல் முழுவதும் வேண்டும். கொழும்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆயினும் கூலி வேலை செய்து, தனியொருத்தியாகக் குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு இது ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். அப்படிப்பட்ட பெண்கள் வன்னியில் எத்தனை பேர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடும்பத்துக்குள் நடந்த ஒரு பிணக்கையும் சொல்ல வேண்டும். நோய் எலும்புக்குப் பரவிய செய்தியை அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்பதில் அத்தான் பிடிவாதமாக இருந்தார். ‘நாரி வாதம்’ என்றே வீட்டில் பேச வேண்டும் என்பது கட்டளை. கான்சர் என்ற சொல்லே அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. கனடாவில் உள்ள மகனோ, அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவின் உடம்பைப் பற்றி நாங்கள் முடிவெடுக்க முடியாது என்று வாதாடினார். தொலைபேசியில் தகப்பனும் மகனும் பல வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதை முடித்து வைத்தவர் அக்காவேதான். ஒரு பின்னேரம், முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

“நாரி வாதத்துக்கு ஆரும் கொழும்பில இருந்து ஐசில வைச்சு ஊசி எடுப்பினமே? இது மாறாது எண்டு எனக்குத் தெரியும். சீனி வருத்தமும் மாறுறேல்லைத்தானே. ஊசியைப் போட்டுக்கொண்டு சனம் இருக்குது. மாறாட்டியும் இருக்கலாம்தானே.”

அத்தான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு இலகுவாயிற்று. ஊசி நாளை அக்காவே கணக்கு வைத்தார். கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். காணியை எவருக்கு எழுதுவது, பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கு எந்தக் காப்பைக் கொடுப்பது என்பவற்றையெல்லாம் அழாமல் பேசி முடித்தார். உண்மையை மறைத்திருந்தால் இந்த வேலைகளைச் செய்ய அவருக்கு இரண்டரை வருடங்கள் கிடைத்திருக்கும், ஆனால் அவற்றைச் செய்திருக்க மாட்டார்.

2024 ஆவணியில் எடுத்த ஸ்கானில் நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. ஹோர்மோன் மருந்துகளுக்குப் புற்றுநோய் ஒரு கட்டத்தில் பழகிவிடும். புல்வெஸ்ட்ரன்டும் அதற்கு விலக்கல்ல. நிபுணர் ஊசியை நிறுத்தினார். கீமோ மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு மாதங்களின் பின் அக்காவே போதும் என்றார். பின்னர் நோவைத் தணிக்க மோர்பின் மட்டும். 2025 மாசியில், அறுவடை முடிந்த கையோடு, தன் வீட்டில், தன் கட்டிலில் காலமானார்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தலாக இருப்பது ஒன்று. அக்காவுக்குக் கனடாவில் ஒரு மகன் இருந்தார். பக்கத்து ஒழுங்கையில் இதே நோயோடு இருந்த இன்னொரு பெண்ணுக்கு வெளிநாட்டில் எவரும் இல்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனவர்கள். ஒருவருக்கு ஊசி, மற்றவருக்கு மாத்திரை. மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்து, பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கி, விலை இறங்கிய பின்னரும், மாதந்தோறும் அதை வாங்குவது ஒரு விவசாயக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதே. இன்று மேலை நாடுகளில் புல்வெஸ்ட்ரன்டோடு பல்போசிக்லிப் போன்ற மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஓர் ஆய்வில் நோய் பெருகாதிருந்த இடைநிலைக் காலம் 4.6 மாதங்களிலிருந்து 9.5 மாதங்களாகக் கூடியது. ஊசியே வேண்டாம், அதே வேலையை மாத்திரையாகச் செய்யலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. எலசெஸ்ட்ரன்ட் என்ற மருந்து, குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்காக, 2023 தையில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ஐஸ் பெட்டியும் இரவு பஸ்ஸும் தேவையில்லாத மருந்து வன்னிக்குத்தான் முதலில் வர வேண்டும். ஆனால், அது விலையைப் பார்த்தே ஊர்களைத் தெரிவுசெய்கிறது.

ஆயினும், அந்த மற்றப் பெண்ணுக்கும் ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வது பொய். டமொக்சிபென், அனஸ்ட்ரோசோல் போன்றவை விலை குறைந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சூலகங்களை அகற்றும், பீட்சன் காலத்துச் சத்திரசிகிச்சை இன்றும் ஒரு தெரிவுதான். எலும்பு நோவுக்குச் சில வேளைகளில் ஒரேயொரு தடவைக் கதிர்ச் சிகிச்சையே போதுமானதாகிவிடும். வாயால் எடுக்கும் மோர்பின் மலிவானது. ஊசி கிடைக்கவில்லை என்பதற்காக இவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் முடங்கக்கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022 இல் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. அந்த நிறுவனம் நாடுகளுக்கு மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது: நோயாளரில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆரம்ப நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும்; வைத்தியரிடம் முதலில் வந்து 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயிக்கப்பட வேண்டும்; 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் சிகிச்சையை முழுமையாகப் பெற வேண்டும். கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து அக்கா வைத்தியரைக் காண இரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருடங்களுக்கு முகாமின் முட்கம்பியும் காரணம், எமது சமூகத்தின் வெட்கமும் காரணம். முட்கம்பி இப்போது இல்லை. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காகச் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இந்நாட்டில் இயங்கி வருகின்றன. உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேட்டால் எந்தக் கிழமையில் எங்கே என்று சொல்வார்.

இதை வாசிக்கும் அன்பர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்ட எவரும், கட்டியின் துண்டைப் பரிசோதித்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்-2 என்ற மூன்று பெயர்களுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடங்களுக்குப் பிறகு நோய் திரும்பினாலும், எந்த மருந்து என்று தேடத் தொடங்குவது அந்தக் கடதாசியிலிருந்துதான். அறிக்கையைப் படம் பிடித்து வெளியூரில் உள்ள பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். கடதாசிகள் தொலைவது எப்படி என்று வன்னி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு: மருந்துக்குப் பணம் அனுப்பும்போது, அதைக் குளிரில் கொண்டுவருவது யார், ஏற்றுவது யார், பிந்தினால் அழைப்பது யாரை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். இயன்றவர்கள், உறவில்லாத ஒருவரின் பஸ் காசையாவது பொறுப்பேற்றால் அதுவும் சிகிச்சைதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: நோயாளியிடம் மறைக்காதீர்கள். அவர்கள் பெரும்பாலும் அறிந்தே இருப்பார்கள். நாம் பேசாததால் அவர்களும் பேசுவதில்லை. வைத்தியரின் அறைக்குள் போனால் நாம் எல்லோரும் ‘மாறுமா, டொக்டர்?’ என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்கிறோம். மாறாது என்ற பதில் வந்ததும் எழுந்து வந்துவிடுகிறோம். உடனே எழும்பாமல், ‘அப்படியென்றால் இனி என்ன செய்யலாம்?’ என்ற இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.